மழலையர் பள்ளி யாருக்காகப் பிறந்தது?

ஆண்டுதோறும் கோடை பிறக்குமுன்னரே கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றின் வாயிலில் எல்.கே.ஜி. விண்ணப்பத்துக்காகப் பெற்றோர் வரிசையில் நிற்கின்றனர். மூன்று வயது நிரம்பிய குழந்தையிடம் நிறங்களின் பெயரும் எழுத்துகளின் பெயரும் ஆங்கிலத்தில் கேட்கப்படுகின்றன. தந்தையின் தொழில் என்ன, தாய் எதுவரை படித்தவர், மாத வருமானம் எவ்வளவு என்பன படிவத்தில் நிரப்பப்படுகின்றன. எல்லாம் முடிந்தபின் ஒட்டப்படும் பட்டியலில், தோல் பதனிடும் தொழிலாளியின் பிள்ளைக்கும், காலணித் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் தாயின் பிள்ளைக்கும் இடம் கிடைப்பது அரிது. இது உலக வழக்கம், இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்போர் நம்மிடையே பலர்.

வியப்பதற்கு நிறைய இருக்கிறது. மழலையர் பள்ளி என்னும் அமைப்பு இவ்வுலகில் தோன்றியதே, வேலைக்குப் போகும் ஏழைத் தாயின் பிள்ளைக்காகத்தான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பில் முன்கூட்டியே இடம்பிடித்துத் தருவது அதன் நோக்கமாக ஒருநாளும் இருந்ததில்லை. வேலூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் பகுதியில் அத்தகைய தாய்மார் ஆயிரமாயிரமாய் இருக்கின்றனர். அவர்கள் நடுவே வாழும் திருச்சபையின் பெயரால், அவர்களுக்குரிய பள்ளி விலை கொடுக்கக்கூடியவர்களுக்கு உரியதாக மாற்றப்பட்டுவிட்டது. அதை உரியவர்களிடம் திருப்பித் தர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வழக்கு. சான்றுகளை வரலாற்றிலிருந்தே எடுத்துவைக்கிறோம்.

ஆலை வாயிலில் பிறந்த பள்ளி

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரான்சின் கிழக்கு மலைப்பகுதியில் இருந்த வால்டர்ஸ்பாக் என்னும் ஏழைச் சிற்றூரில் ஓபர்லின் என்ற லுத்தரன் போதகர் பணியாற்றினார். தாய்மார் வயலுக்குப் போனபின் தெருவில் திரிந்த குழந்தைகளை அவர் கண்டார். ஊர்ப் பெண்களையே நடத்துநர்களாக்கி, அக்குழந்தைகளை ஓரிடத்தில் கூட்டிப் பாட்டும் கதையும் பூக்களின் பெயரும் பின்னல் வேலையும் கற்பிக்கச் செய்தார். அவர் வீட்டுப் பணிப்பெண்ணாக வந்த லூயிஸ் ஷெப்ளர் அப்பணிக்கே தம் வாழ்நாளைக் கொடுத்தார். ஐரோப்பாவின் மழலையர் கல்விக்கு இதுவே தொடக்கங்களில் ஒன்று.

அடுத்தது நியூ லனார்க். ஸ்காட்லாந்தில் இருந்த இந்தப் பருத்தி நூற்பாலையின் நிர்வாகியான இராபர்ட் ஓவன், 1816-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்விக்கூடத்தைத் திறந்தார். நடக்கத் தெரிந்த குழந்தை எதுவும் அங்கே வரலாம். முதல் ஆசிரியர் ஜேம்ஸ் புக்கானன் ஒரு நெசவாளி. சிறு பிள்ளைகளைப் புத்தகத்தால் துன்புறுத்தக் கூடாது, அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது என்பவை ஓவன் விதித்த விதிகள். ஓவன் கிறிஸ்தவ மறையை ஏற்றவர் அல்லர். அதைக் கடுமையாகச் சாடியவர். ஆயினும் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஆலை வேலையிலிருந்து விலக்கி, ஆடலும் பாடலும் நிறைந்த கூடத்தில் அமர்த்தினார். மறையை ஏற்றுக்கொண்ட நம்மைப் பார்த்து அந்தக் கூடம் இன்றும் கேள்வி கேட்கிறது.

இத்தாலியில் கிரெமோனா நகரத்துக் கத்தோலிக்கக் குரு பெரான்தே அப்போர்த்தி, 1830-களில் ஏழைப் பிள்ளைகளுக்கான மழலையர் காப்பகங்களைப் பரப்பினார். செருமனியில் பிரெடரிக் புரோபல் 1840-இல் தம் பள்ளிக்குக் ‘கிண்டர்கார்டன்’ என்று பெயரிட்டார். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். அதைக் கண்டு அரசுகள் அஞ்சின. பிரஷ்ய அரசு 1851-இல் கிண்டர்கார்டன்களைத் தடைசெய்தது. 1860-இல்தான் தடை நீங்கியது. புரோபல் அதைக் காணாமலே 1852-இல் மறைந்தார். இன்று ‘கே.ஜி.’ என்று நாம் சுருக்கிச் சொல்லும் அந்தச் சொல், ஒரு காலத்தில் அரசு அஞ்சிய சொல். இலண்டனில் துறைமுகத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த டெட்போர்டில், இரேச்சல், மார்கரெட் மக்மில்லன் என்னும் சகோதரியர் 1914-இல் திறந்தவெளி மழலையர் பள்ளியை நிறுவினர். குளியல், உணவு, தோட்டம், தூக்கம் ஆகியவையே அங்கே பாடத்திட்டம்.

கத்தோலிக்கராகிய நாம் மறக்கக் கூடாத நாள் ஒன்று உண்டு. 1907-ஆம் ஆண்டு சனவரி 6, திருக்காட்சிப் பெருவிழா. அன்றுதான் உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் தொழிலாளர் குடியிருப்பில், கத்தோலிக்கப் பெண்மணியும் மருத்துவருமான மரியா மாண்டிசோரி ‘குழந்தைகள் இல்லத்தை’த் திறந்துவைத்தார். பெற்றோர் வேலைக்குப் போனபின் குழந்தைகள் மாடிப்படிகளில் திரிந்து சுவர்களைப் பாழாக்குகிறார்கள் என்று கட்டட நிறுவனம் கவலைப்பட்டது; அக்கவலையைத் தீர்க்கவே அந்த அறை ஒதுக்கப்பட்டது. சுவரைக் காப்பதற்காகக் கொடுக்கப்பட்ட அறையில், தம் கைகளால் தாமே கற்கும் ஆற்றல் ஏழைப் பிள்ளைக்கு உண்டு என்பதை மாண்டிசோரி உலகுக்குக் காட்டினார். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரின் பிள்ளைகள் அவர்கள். நுழைவுத் தேர்வு வைத்திருந்தால் அவர்களுள் ஒருவரும் உள்ளே வந்திருக்க முடியாது.

தமிழ் மண்ணில் நடந்தது

நம் முன்னோர் குழந்தைமையை அறியாதவர் அல்லர். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துக் காண்கிறது. செங்கீரை ஆடுதல், சப்பாணி கொட்டுதல், நிலவை அழைத்தல், சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்குதல், சிறுதேர் உருட்டுதல் என்று அது விரிகிறது. இப்பருவங்களில் எங்கும் ஏடும் எழுத்தாணியும் இல்லை. உடலும் ஓசையும் விளையாட்டுமே குழந்தையின் கல்வி என்று கண்ட மரபு இது. எழுத்து, ஏறத்தாழ ஐந்து வயதில் திண்ணைப் பள்ளியில் தொடங்கியது. ஆனால் அந்தத் திண்ணை எல்லாருக்கும் உரியதாக இருக்கவில்லை. சேரிப் பிள்ளைக்கும் பெரும்பாலான பெண் பிள்ளைக்கும் அது எட்டாத உயரத்தில் இருந்தது. வட ஆர்க்காட்டில் கிறிஸ்தவ மறைத்தூதுப் பணியாளர்கள் பள்ளிகளைத் திறந்தபோது அந்த உயரத்தைத்தான் உடைத்தார்கள். அதுவே நம் கல்விப் பணியின் பிறப்புச் சான்றிதழ்.

மாண்டிசோரி அம்மையார் 1939 நவம்பரில் சென்னைக்கு வந்தார். பிரம்மஞான சபையாரின் அழைப்பின்பேரில் அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, இத்தாலியர் என்ற காரணத்தால் அவரும் அவர் மகனும் ஆங்கில அரசின் கட்டுப்பாட்டுக்குள் வைக்கப்பட்டனர். கொடைக்கானலில் சில ஆண்டுகள் வாழ்ந்து தம் முறையை மேலும் வளர்த்தார். 1946 வரை இந்நாட்டில் இருந்தார். தொழிலாளர் குடியிருப்பில் பிறந்த அம்முறை, பின்னாளில் நம் நகரங்களில் உயர்ந்த கட்டணம் வாங்கும் பள்ளிகளின் பெயர்ப்பலகையாகிப் போனது. பெயர் மட்டும் வந்தது, பிள்ளைகள் மாறிவிட்டார்கள்.

இதற்கு மாறான பாதையில் நடந்தவர்களும் இந்நாட்டில் உண்டு. கிஜுபாய் பதேகா 1920-இல் குஜராத்தின் பாவநகரில் பால மந்திரைத் தொடங்கினார். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக், அனுதாய் வாக் என்னும் துணையோடு 1945-இல் மராட்டியக் கடற்கரைச் சிற்றூரான போர்டிக்குச் சென்றார். ஏழைக் குழந்தைகள் பள்ளிக்கு வராததைக் கண்டு, பள்ளியையே அவர்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோனார். விலையுயர்ந்த மரக்கருவிகளுக்குப் பதில் கூழாங்கல்லும் விதையும் சிப்பியும் கருவிகளாயின. ‘அங்கன்’ என்றால் முற்றம். அங்கன்வாடி என்று நாம் ஏளனமாகச் சொல்லும் சொல்லுக்குள் இவ்வளவு பெரிய சிந்தனை இருக்கிறது.

பின்னர் மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972-இல் அளித்த அறிக்கை, ஏழைக் குழந்தைக்கு உணவும் உடல்நலமும் கல்வியும் ஒருங்கே வேண்டும் என்று வலியுறுத்தியது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. தமிழகத்தில் 1982 சூலை முதல் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு வயது நிரம்பிய மழலையரையும் பந்தியில் அமர்த்தியது. இன்று தமிழகத்தில் 54 ஆயிரம் அளவிலான அங்கன்வாடிகள் இயங்குகின்றன. குறைகள் பல இருந்தாலும் ஏழைத் தாயின் பிள்ளையைத் தேடிச் சென்றது அரசின் முற்றமே.

அதே காலத்தில் திருச்சபை என்ன செய்துகொண்டிருந்தது? தமிழகத்துப் பங்குகள் பலவற்றில் அருட்சகோதரியர் நடத்திய பால்வாடிகள் இருந்தன. மூத்தோர் அவற்றை அறிவர். கோதுமைக் கஞ்சியும் மணலும் ஊஞ்சலும் பாட்டும் அங்கே இருந்தன. சாதி கேட்கப்படவில்லை, கட்டணமும் பெயரளவில்தான். 1980-களில் ஆங்கில வழி நர்சரிப் பள்ளிகள் பெருகியபோது பால்வாடிகள் ஒவ்வொன்றாய் மங்கின. கழுத்துப் பட்டையும் காலணியும் மாதக் கட்டணமும் வந்தன. ஊஞ்சல் இருந்த இடத்தில் வாகன நிறுத்தம் வந்தது. இதற்கு யாரும் தீர்மானம் இயற்றவில்லை. யாரும் எதிர்ப்பும் சொல்லவில்லை.

மரத்தடித் தூளி எங்கே?

இப்பொழுது நம் தோல் பகுதிக்கு வருவோம். பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடுதல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டது. நெடுங்காலம் அரைகுறையாகப் பதனிட்ட தோலே கப்பலேறியது. 1972-இல் சீதாராமையா குழு அளித்த பரிந்துரையைத் தொடர்ந்து நடுவண் அரசு அத்தகைய ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதப்படுத்திய தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்தது. அதன் பின்னர் ஆம்பூரைச் சுற்றிக் காலணித் தொழிற்சாலைகள் எழுந்தன. பதனிடும் கூடத்தில் சுண்ணாம்பிலும் சாயத்திலும் நின்றவர்கள் பெரும்பாலும் ஆண்கள். காலணியின் மேல்பாகத்தை வெட்டவும் ஒட்டவும் தைக்கவும் பெண்கள் தேவைப்பட்டனர். விடியும்போதே ‘ஷூ கம்பெனி’ வண்டிகள் சிற்றூர் தோறும் நின்று இளம் தாய்மாரை ஏற்றிச்செல்லும் காட்சி இப்பகுதியின் அன்றாட நிகழ்வு.

வயல் வேலை ஏன் அவர்களுக்குப் போதவில்லை? இக்கேள்விக்கு உச்ச நீதிமன்றத்திலேயே விடை இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று அளிக்கப்பட்ட தீர்ப்பு, தோல் கழிவுநீரால் ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதைக் குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியையும் அது நிலைநாட்டியது. 2025 சனவரி 30 அன்று பாலாற்று மாசு குறித்து அதே நீதிமன்றம் மீண்டும் கடுமையான ஆணைகளைப் பிறப்பிக்க நேர்ந்தது என்றால், இடைப்பட்ட காலத்தில் புண் ஆறவில்லை என்பதே பொருள்.

வயலில் களை எடுத்த தாய், வேப்ப மரத்தில் தூளி கட்டிக் குழந்தையை இட்டாள். அழுதால் கரையேறி வந்து பால் கொடுத்தாள். தொழிற்சாலையில் தூளி கட்ட மரமில்லை. இயந்திர வரிசையை விட்டு எழுந்து வர அனுமதியில்லை. வயல் போனதால் அவள் ஆலைக்கு வந்தாள். ஆலைக்கு வந்ததால் குழந்தையைப் பிரிந்தாள். இரு நூற்றாண்டுகளுக்கு முன் நியூ லனார்க்கில் ஏற்பட்ட அதே நிலைமை பாலாற்றங்கரையில் ஏற்பட்டிருக்கிறது. அங்கே மழலையர் பள்ளி பிறந்தது. இங்கே என்ன பிறந்தது?

இங்கே பாட்டியின் மடி இருக்கிறது, பாட்டி உயிரோடு இருக்கும்வரை. அதுவும் இல்லாவிடில் ஒன்பது வயது அக்காள் இருக்கிறாள். தம்பியை இடுப்பில் தூக்கியபடி வாசலில் நிற்கும் அந்தச் சிறுமி தன் பள்ளிப் படிப்பை இழந்து இன்னொருத்தியின் பணியைச் செய்கிறாள். வீட்டிலேயே காலணி மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கூலி பெறும் தாய்மாரின் பிள்ளைகள், ஊசிக்கும் நூலுக்கும் இடையே வளர்கின்றனர். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் புகையிலைத் தூசியே குழந்தைக்குக் காற்று. அங்கன்வாடி உண்டு, ஆனால் தாயைச் சுமந்துசென்ற வண்டி திரும்பி வருமுன்னரே அது பூட்டப்பட்டுவிடும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே, பெண் தொழிலாளர் 30 பேருக்கு மேல் உள்ள இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட அவர்தம் பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 2017-இல் மகப்பேறு பயன் சட்டத் திருத்தம், 50 பேர் வேலைசெய்யும் நிறுவனங்கள் காப்பகம் அமைக்கப் பணித்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் காப்பகக் கடமை இடம்பெற்றுள்ளது. காகிதத்தில் உள்ள காப்பகம் எத்தனை தொழிற்சாலைகளில் பாலும் பாயும் பணிப்பெண்ணுமாக உயிரோடு இருக்கிறது என்று கேட்க வேண்டியவர்கள் யார்? தொழிற்சாலைகளில் கண்காணிப்பாளராகவும் மேலாளராகவும் பணியாற்றும் கத்தோலிக்கப் பொதுநிலையினர் நம் பங்குகளில் இல்லையா?

சிறுபான்மை உரிமை யாருக்காக?

2002-ஆம் ஆண்டின் 86-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியபோது, ஆறு முதல் பதினான்கு வயது வரை என்று வரையறுத்தது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரசு ‘முயல வேண்டும்’ என்னும் அளவோடு 45-ஆவது உறுப்பு நின்றுவிட்டது. ஆகவே மூன்று வயதுக் குழந்தைக்குச் சட்டம் தருவது வாக்குறுதி மட்டுமே. ஆயினும் 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் ஒரு கதவைத் திறந்தது. தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். மழலையர் வகுப்பு நடத்தும் பள்ளியில் அவ்வகுப்பிலேயே ஒதுக்க வேண்டும். சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுப்பதை அச்சட்டத்தின் 13-ஆம் பிரிவு தடைசெய்தது.

2014 மே 6 அன்று பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இருவர் அமர்வு ஒன்று அத்தீர்ப்பின் சரித்தன்மையில் ஐயம் எழுப்பி, பேரமர்வு அதனை ஆராய வேண்டும் எனக் கருதியது. வழக்கறிஞர்கள் வாதிடட்டும். நாம் கேட்பது வேறு. 30-ஆவது உறுப்பு சிறுபான்மையினருக்கு உரிமை அளித்தது, எளியோரின் நம்பிக்கையும் பண்பாடும் பெரும்பான்மையின் எடையால் நசுங்காமல் காப்பதற்காக. அந்த உரிமையின் நிழலில் நின்றுகொண்டு, தோல் தொழிலாளியின் பிள்ளைக்குரிய 25 விழுக்காட்டை மறுக்கலாம் என்றால், கேடயத்தை எடுத்து எளியவனையே அடிப்பதாகாதா? சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில்தான் நற்செய்தி தன் வேலையைத் தொடங்க வேண்டும்.

நம் திருச்சபையின் போதனை இதில் மயக்கம் தரவில்லை. 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, உலகச் செல்வம் இல்லாதவர்களுக்கும், குடும்ப அரவணைப்பை இழந்தவர்களுக்கும், விசுவாசக் கொடை பெறாதவர்களுக்கும் கத்தோலிக்கப் பள்ளி சிறப்பாகப் பணியாற்ற வேண்டும் என்று ஆயர்களையும் இறைமக்களையும் கேட்டுக்கொண்டது. 1952-இல் வேலூர் மறைமாவட்டம் உருவானபோது அது சலேசிய சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அச்சபையின் நிறுவனர் தொன் போஸ்கோ, துரின் நகரில் வேலை தேடி அலைந்த ஏழைச் சிறுவர்களைத் தேடிப் போனவர். அவர்களுக்குத் தேர்வு வைத்தவர் அல்லர்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம். புனித பத்தாம் பயஸ் 1910-இல் வெளியிட்ட ஆணையால், ஏழு வயதளவிலேயே குழந்தைகள் நற்கருணை பெற வழி பிறந்தது. மறைக்கோட்பாட்டில் முழுமையான அறிவு வேண்டியதில்லை. சாதாரண அப்பத்தையும் நற்கருணையையும் வேறுபடுத்தி அறிந்தால் போதும் என்றது அந்த ஆணை. ஆண்டவரையே பெற்றுக்கொள்ள இத்தனை எளிதாகக் கதவு திறக்கும் திருச்சபையின் பள்ளியில், மணலில் விளையாட இடம் கேட்கும் மூன்று வயதுக் குழந்தை ஆங்கில எழுத்துகளை ஒப்பிக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

சொல்லப்படும் மூன்று சமாதானங்கள்

பெற்றோரே ஆங்கிலத்தைக் கேட்கிறார்கள் என்பது முதல் சமாதானம். உண்மைதான். தலைமுறைகளாய் இழிவு சுமந்த ஒருவர் தம் பிள்ளைக்கு ஆங்கிலம் கேட்பது மதிப்புக்கான வேட்கை. அதை நாம் பழிக்கவில்லை. ஆனால் கல்வியின் தொடக்கத்துக்குத் தாய்மொழியே சிறந்தது என்று யுனெஸ்கோ 1953-இலேயே எடுத்துரைத்தது. தமிழும் உருதும் தெலுங்கும் வீடுகளில் ஒலிக்கும் இப்பகுதியில், குழந்தை முதலில் தன் வீட்டு மொழியில் வாய் நிறையப் பேசிக் கதை சொல்லிப் பழகட்டும். ஆங்கிலம் பாட்டாகவும் விளையாட்டாகவும் பின்தொடரட்டும். ஆங்கிலம் தருவது வேறு. ஆங்கிலம் தெரியாததைக் காட்டிக் கதவை அடைப்பது வேறு.

கட்டணம் இல்லாவிட்டால் பள்ளி நடக்காது என்பது இரண்டாவது. கட்டணமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. இயன்றவர் தரட்டும், அதைக் கொண்டு இயலாதவர் அமரட்டும். கட்டண வகுப்பில் வரும் மிகுதியால் ஏழைகளுக்கான பணிகள் நடக்கின்றன என்று சொல்லப்படுவதுண்டு. அப்படியானால் அந்த ஏழைகள் ஏன் வேறு கட்டடத்தில், வேறு சீருடையில், வேறு வாயிலில் இருக்கிறார்கள்? ஒரே மணல் தொட்டியில் மேலாளரின் மகளும் தொழிலாளியின் மகனும் கை அளைவதைக் காண அஞ்சுகிறோமா? இங்கே தோல் தொழிலில் கை வைத்தவர்களுள் பெரும்பாலோர் தலித் மக்கள் என்பதை நினைத்தால், இக்கேள்வி கட்டணத்தைப் பற்றியது மட்டும்தானா என்னும் ஐயம் எழுகிறது.

ஏழைகளுக்கு அங்கன்வாடி இருக்கிறதே என்பது மூன்றாவது. இருக்கிறது. அப்படியானால் நம்மவர் பிள்ளைகளை ஏன் அங்கே அனுப்பவில்லை? நமக்கு ஆகாதது அவர்களுக்குப் போதும் என்று சொல்பவர், மழலையரை இரு சாதியாய்ப் பிரிக்கிறார். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாந்தியில் 1962-இல் தொடங்கிய ஆய்வு ஒன்று, வறிய கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நல்ல மழலையர் கல்வி அளித்து, அவர்களை நாற்பது வயதுவரை பின்தொடர்ந்தது. அக்கல்வி பெற்றவர்கள் படிப்பிலும் வருவாயிலும் மேம்பட்டு நின்றனர். நல்ல தொடக்கத்தால் மிகுந்த பயன் பெறுவது எல்லாம் இருக்கும் வீட்டுப் பிள்ளை அன்று, ஒன்றும் இல்லாத வீட்டுப் பிள்ளையே. அதிகம் தேவைப்படுபவனுக்குக் குறைவாகவும், குறைவாகத் தேவைப்படுபவனுக்கு அதிகமாகவும் பங்கிடுவதற்கு நீதி என்று பெயரில்லை.

செய்யத்தக்கவை

குறை சொல்வது எளிது என்பர். எனவே செய்யத்தக்கவற்றையும் சொல்கிறோம். முதலாவதாக, நம் மழலையர் வகுப்புகளில் நேர்காணலும் சோதனையும் உடனே நிற்க வேண்டும். 1993-இல் யஷ்பால் குழுவே இதைக் கேட்டது. இடத்தைவிட விண்ணப்பம் மிகுந்தால் எல்லார் முன்னிலையிலும் குலுக்கல் நடக்கட்டும். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் திருத்தூதர்கள் தேர்ந்தது சீட்டுப் போட்டுத்தான்.

இரண்டாவதாக, சட்டம் கேட்டாலும் கேளாவிட்டாலும் நான்கில் ஓர் இடம் தொழிலாளர் பிள்ளைகளுக்கு என்று நாமே விதித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதாக, மூன்று நான்கு வயதுக் குழந்தையின் கையிலிருந்து எழுதுகோலையும் வீட்டுப்பாடத்தையும் எடுத்துவிட்டு மணலும் களிமண்ணும் பாட்டும் கதையும் தர வேண்டும். அந்தச் சிறு விரல் எலும்புகளும் தசைகளும் இன்னும் முதிரவில்லை. நேர்கோட்டில் எழுத வைப்பது கல்வியாகாது.

நான்காவதாக, நம் பங்குகளின் சமூகக் கூடங்கள் ஞாயிறு தவிர மற்ற நாள்களில் பூட்டிக் கிடக்கின்றன. தில்லியில் 1969-இல் மீரா மகாதேவன், கட்டட வேலை நடக்கும் இடத்துக்கே குழந்தைகள் காப்பகத்தைக் கொண்டுசென்றார். ‘நடமாடும் காப்பகம்’ என்னும் அந்த அமைப்புக்குத் தொடக்கத்தில் மாளிகை இல்லை. நமக்கோ கூடம் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, பயிற்சி பெற்ற அருட்சகோதரியர் இருக்கின்றனர், ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருக்கின்றனர். கம்பெனி வண்டி புறப்படும் நேரம் முதல் திரும்பும் நேரம் வரை அக்கூடம் திறந்திருக்கட்டும். தாயின் வேலை நேரமே நம் பள்ளி நேரம். கத்தோலிக்கர், பிற சபையார், இந்து, இஸ்லாமியர் என்ற வேறுபாடு அங்கே வேண்டாம்.

ஐந்தாவதாக, சட்டப்படியான காப்பகத்தைத் தொழிற்சாலைகளிடம் கேட்கும் குரல் பொதுநிலையினரிடமிருந்து எழ வேண்டும். ஆற்றை மாசுபடுத்தியவர் ஆற்றுக்கு ஈடு தர வேண்டும் என்பது நீதி என்றால், தாயின் பகல் முழுவதையும் எடுத்துக்கொண்டவர் குழந்தையின் பகலுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதும் நீதியே. ஊரில் உள்ள அங்கன்வாடிப் பணியாளரையும் நம் அன்பியக் கூட்டங்கள் அழைத்து மதிக்கட்டும். அவர் மையத்துக்குக் கூரையும் குடிநீரும் கழிப்பறையும் இருக்கின்றனவா என்று விசாரிக்கட்டும்.

சிறு பிள்ளைகள் இயேசுவிடம் வந்தபோது அவர்களைத் தடுத்தவர்கள் அவருடைய பகைவர் அல்லர், சீடர்களே. அவர் சினம் கொண்டதும் அவர்கள்மீதுதான். சீடர்களுக்கும் தங்கள் காரணங்கள் இருந்திருக்கும்: ஒழுங்கு, நேரம், இடநெருக்கடி. நம்மிடம் இன்று சொல்லப்படும் காரணங்களும் ஏறத்தாழ அவையே. ஆண்டவர் எந்தக் காரணத்தையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, பிள்ளைகளை அணைத்துக்கொண்டார்.

மறைமாவட்டத்தின் பங்குப் பேரவைகளுக்கு இவ்வழக்கை ஒப்படைக்கிறோம். வருகிற திருக்காட்சிப் பெருவிழாவன்று தோல் பகுதியில் ஒரே ஒரு பங்குக் கூடமாவது காலை வண்டி புறப்படுமுன் திறக்கட்டும். பாயும் பாலும் ஒரு கூடை மணலும் முதல் நாளுக்குப் போதும். மற்றவற்றைக் குழந்தைகள் நமக்குக் கற்பிப்பார்கள்.